மறைபவனும் மேசையைச் சுற்றியிருப்பவர்களும்

நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் சொல்வதையும் செய்வதையும் வாய்மொழியாகவே கூறிச் செல்வதும், முடிவு உறுதியில்லாத இடங்களில் பகடை உருட்டித் தீர்த்துக்கொள்வதுமான விளையாட்டு, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவரின் முயற்சியால் 1974-இல் அமெரிக்காவின் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் அச்சேறியது. அதில் ஒருவர் மட்டும் பாத்திரம் ஏற்காமல் உலகத்தையும் பகைவரையும் வழிப்போக்கரையும் தாமே பேசி, நடுவராகவும் இருப்பார். அவரை டஞ்சன் மாஸ்டர் என்பார்கள், சுருக்கமாக டிஎம். வீரன், மந்திரவாதி, பூசகன் என விரியும் பாத்திர வகைகளுள், நிழலில் பதுங்கி நெருங்கி, எதிரி அறியும் முன்பே அவனைக் கொன்று மறையும் ‘அசாசின்’ என்ற மறைகொலைஞன் புதிதாக விளையாட வருவோரை மிகுதியாக ஈர்ப்பவன். ஆனால் அவனை ஏற்பவர் தொடக்கத்திலேயே ஒரு முரணைச் சந்திக்கிறார்: யாரும் காணாதபடி மதிலேறுவதாக இருந்தால், மதிலேறுகிறேன் என்று மேசையில் எல்லோரும் கேட்க உரக்கச் சொல்லியாக வேண்டும். காவற்காரனாகப் பேசும் டிஎம் அதை முதலில் கேட்கிறார். கேட்டும், அந்தக் காவற்காரனுக்கு அது தெரியாது என்று ஒப்புக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்கிறார்.

இந்த ஒப்புதலுக்கு விதிநூல் எண்களால் ஒரு சட்டம் போட்டுத் தருகிறது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, ஒளிய விரும்புபவர் இருபது முகப் பகடையை உருட்டி, வரும் எண்ணோடு தம் பாத்திரத்தின் சுறுசுறுப்பையும் பயிற்சியையும் கூட்டுகிறார். காவலன் தேடி அலையாமல் வெறுமனே விழித்திருக்கிறான் என்றால் அவனுடைய கவனம் பத்தோடு சில கூடுதல் எண்கள் சேர்ந்த நிலையான தொகையாகக் கொள்ளப்படுகிறது. முன்னது பின்னதைத் தாண்டினால் ஒளிந்தவன் ஒளிந்தவனே. பகடை செய்வது இவ்வளவுதான். இருட்டு எப்படி இருந்தது, தரையில் சருகு கிடந்ததா, காவலன் தன் வீட்டுக் கவலையில் இருந்தானா என்பவற்றையெல்லாம் மேசையிலிருப்போரின் பேச்சே நிரப்புகிறது. மறைவு என்பது, அறிந்தவர்கள் பலர் கூடி அறியாதவர்போல் நடந்துகொள்வதால் உண்டாகும் ஒரு பொது உடைமை என்பதை இந்த விளையாட்டைப்போல் வெளிப்படையாகக் காட்டும் இடங்கள் சில மட்டுமே உண்டு. அவற்றில் சில திருவனந்தபுரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருக்கின்றன.

அவற்றுக்குப் போகும் முன், இந்தப் பாத்திரத்தின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் காண்பது நல்லது. 1975-இல் வெளியான ‘கிரேஹாக்’ என்ற துணைநூலில் திருடன் வந்தான். அதே ஆண்டின் ‘பிளாக்மூர்’ என்ற அடுத்த துணைநூலில் மறைகொலைஞன் வந்தான். விரிவாக்கப்பட்ட 1978-ஆம் ஆண்டு விதிநூல் அவனைத் திருடனின் கிளைவகையாக்கி, அவன் தீயவனாகவே இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. கொல்பவனின் நிலையும் கொல்லப்படுபவனின் நிலையும் சந்திக்கும் கட்டத்தில் நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று எண் குறித்த ஓர் அட்டவணையும் அந்நாளில் இருந்தது. 1989-இன் இரண்டாம் பதிப்பு அவனைத் தனி வகையாக வைத்துக்கொள்ளாமல் நீக்கியது. 2000-இன் மூன்றாம் பதிப்பு மீண்டும் சேர்த்தபோது, கொலைஞர் கூட்டத்தில் சேர்வதற்காக மட்டுமே ஓர் உயிரைக் கொன்றிருக்க வேண்டும் என்ற நுழைவு விதியை வைத்தது. 2014-இல் தீமை என்ற நிபந்தனையே போய்விட்டது. மறைகொலை ஒரு தொழிற்பயிற்சியாகி, ‘ரோக்’ எனப்படும் கள்வன் வகைக்குள் ஒரு கிளையாக அமைந்தது. நாற்பது ஆண்டுகளில் குற்றம் திறமையாக மாறிய இந்தப் போக்கை விதிநூலாசிரியர்கள் எங்கும் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் விளையாட்டு இன்னும் சுவையாகியிருக்கும்.

தனிமையே இந்தப் பாத்திரத்தின் கவர்ச்சி. மேசையில் அவன் தரும் தொல்லையும் அதிலிருந்தே பிறக்கிறது. கோட்டைக்குள் அவன் மட்டும் ஊடுருவும் அரைமணி நேரமும் மற்ற நால்வர் வாளாவிருக்க நேரிடுகிறது. அவர்களுடைய பாத்திரங்கள் வெளியே மரத்தடியில் நிற்கின்றன, அவர்களோ தின்பண்டத்தைத் துழாவிக்கொண்டிருக்கிறார்கள். விதிநூலே இதை ஓரளவு உணர்ந்திருப்பதாகத் தெரிகிறது. ஐந்தாம் பதிப்பில் கள்வனின் பெருமைக்குரிய ஆற்றலான மறைதாக்குதல், தாக்கப்படுபவனுக்கு ஐந்தடித் தொலைவுக்குள் அவனுடைய பகைவன் வேறொருவன் நின்றாலும் செல்லும். அதாவது, எதிரியின் கண்ணைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும் ஒரு தோழன் அருகிலிருந்தால் கள்வன் ஒளிந்திருக்கக்கூடத் தேவையில்லை. ஜான் ஹார்ப்பர் 2017-இல் வெளியிட்ட ‘பிளேட்ஸ் இன் தி டார்க்’ என்ற திருட்டுக்கும்பல் விளையாட்டு இன்னும் ஒரு படி போய், கூட்டமாகப் பதுங்கும்போது அனைவரும் பகடை உருட்டி, சிறந்த எண்ணை அனைவருக்கும் பொதுவாக்கி, தவறியவர்களுக்கான களைப்பைத் தலைவன் சுமக்கும்படி விதித்தது. தனியாக ஒளிபவன் என்ற கற்பனையைவிட இந்த விதி உண்மைக்கு நெருக்கமானது.

திருவனந்தபுரம் இந்தப் பொருளுக்கு அந்நியமான ஊர் அன்று. மறைந்து கொல்வோரை வகைபிரித்துத் தகுதி குறித்த பழைய நூலொன்று இந்நகரிலிருந்துதான் விரிவான உரையோடு அச்சானது. திருநெல்வேலிச் சீமையின் தருவை அக்கிரகாரத்தில் 1860-இல் பிறந்த தமிழரான த. கணபதி சாஸ்திரி, திருவிதாங்கூர் அரசின் சமஸ்கிருதச் சுவடி வெளியீட்டுத் துறையை நடத்தி, திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தை 1924, 1925-ஆம் ஆண்டுகளில் தம்முடைய உரையுடன் வெளியிட்டார். மைசூரில் சாமா சாஸ்திரி அதற்கு முன்பே 1909-இல் மூலத்தைப் பதிப்பித்திருந்தார் என்றாலும், உரையோடு படிக்க விரும்பியோர்க்குத் திருவனந்தபுரப் பதிப்பே நெடுங்காலம் துணையாயிற்று. அந்நூலின் முதற்பகுதியில் ஒற்றர் பட்டியல் வருகிறது. உறவினர் இல்லாமையால் அரசால் வளர்க்கப்பட்டு, குறிபார்ப்பதும் மாயவித்தையும் கற்ற சத்ரிகள்; உயிரைப் பொருட்படுத்தாமல் பணத்துக்காக யானையோடும் கொடுவிலங்கோடும் மோதத் துணிந்த தீக்ஷ்ணர்கள்; சுற்றத்தார்மீது பற்றற்ற, கொடிய, சோம்பேறிகளான ரசதர்கள் எனப்படும் நஞ்சிடுவோர்; வீடுதோறும் நுழையக்கூடிய துறவிப் பெண்கள். விளையாட்டு விதிநூல் ஒன்றின் பாத்திர வகைகளை வாசிப்பதுபோலவே இது தோன்றும். ஆனால் நஞ்சிடுவோனுக்குச் சோம்பலை ஓர் இலக்கணமாகச் சொல்லும் நுட்பம் கைகாக்ஸுக்கு வாய்க்கவில்லை.

அந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது வேறொன்று. நஞ்சிடுவோரை அரசன் அமர்த்த வேண்டிய வேலைகளாக நூல் குறிப்பவை சமையற்காரன், நீராட்டுவோன், உடம்பு பிடிப்போன், படுக்கை விரிப்போன், நாவிதன், தண்ணீர் கொண்டுவருவோன் ஆகியவை. செவிடர், ஊமையர், குள்ளர் என்ற வேடங்களும் கூறப்படுகின்றன. கறுப்பு அங்கியும் முகமூடியும் அணிந்து கூரையில் தாவுவோர் அங்கு இல்லை. கண்ணெதிரே நின்றும் பொருட்படுத்தப்படாதவர்களே கௌடில்யரின் மறைவாளர்கள். இரவில் தாவுவோரைத் தேடுபவர் தமிழிலேயே மதுரைக்காஞ்சியைத் திறக்கலாம். நீலக் கச்சு அணிந்து, நூலேணியை இடையில் சுற்றி, நிலமகழும் உளியோடு திரியும் கள்வரை அது காட்டுகிறது. ஒற்றன் ஒருவனை மற்றொருவன் அறியாதபடி ஆளவேண்டும், மூவர் சொல் ஒத்தால்தான் நம்பவேண்டும் என்பதில் கௌடில்யரும், ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவரும் ஒரே கருத்தினர். அரசியலில் ஒற்றர்கள் தம்முள் அறியாதிருப்பது பாதுகாப்பு. மேசையில் அதுவே ஆட்டத்தைக் கெடுக்கும்: சக ஆட்டக்காரருக்குத் தெரியாமல் டிஎம்முக்குத் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்து விளையாடும் மறைகொலைஞனால் பகை வளர்ந்து பிரிந்த குழுக்கள் பல.

அப்படியானால் அறிந்தவர்கள் நடுவில் ஒளிவதை எங்கே கற்பது என்ற கேள்விக்கும் கணபதி சாஸ்திரியின் வழியாகவே விடை கிடைக்கிறது. 1909-இல் பத்மநாபபுரத்துக்கு அருகே மணலிக்கரை மடத்தில், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் ஊரில், மலையாள எழுத்திலான ஓலைச்சுவடிகளில் அவர் கண்டெடுத்த நாடகங்களைப் பழைய சமஸ்கிருத நாடகாசிரியர் பாசனுடையவை என்று முடிவுசெய்து 1912 முதல் வெளியிட்டார். அவை பாசனுடையவைதாமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அவற்றுள் ஒன்றான ‘பிரதிஞ்ஞா யௌகந்தராயணம்’ பதுங்கலும் ஊடுருவலுமாகவே அமைந்தது. வத்ஸ நாட்டு மன்னன் உதயணன், பொய்யானை ஒன்றைக் காட்டி மயக்கப்பட்டு உஜ்ஜயினி அரசனால் சிறைப்படுகிறான். அவனை மீட்பதாகச் சூளுரைத்த அமைச்சன் யௌகந்தராயணன் பித்தனாகவும், தோழன் வசந்தகன் பிச்சைக்காரனாகவும், ருமண்வான் பௌத்தத் துறவியாகவும் வேடமிட்டுப் பகைநகரில் உலவுகிறார்கள். மூன்றாம் அங்கத்தில் இம்மூவரும் கோயிலருகே, பலகாரத்துக்காகச் சண்டையிடுவதுபோல் நடித்தபடியே ஒருவரையொருவர் அடையாளம் காட்டிக்கொண்டு, பின்னர் ஆளில்லாத இடத்துக்குச் சென்று உண்மைத் திட்டத்தைப் பேசுகிறார்கள். கேரளத்தின் சமஸ்கிருத நாடகக் கலையான கூடியாட்டத்தின் மரபில் இந்த அங்கம் ‘மந்திராங்கம்’ என்ற பெயரில் தனி நிகழ்வாக வளர்ந்து, விதூஷகன் என்னும் நகைச்சுவைப் பாத்திரத்தின் விரிவுரைகளோடு 41 நாள் நீளும் ஆட்டமாயிற்று. பகைநகரத்தார் அறியாத வேடத்தைச் சபையினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க, அந்த அறிவின்மேல்தான் நாற்பத்தோர் இரவுகளின் சுவையும் நிற்கிறது. 1970-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட ‘மார்கி’ நிறுவனம் கூடியாட்டத்தையும் கதகளியையும் இந்நகரில் தொடர்ந்து பேணிவருகிறது.

மந்திராங்கத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. மேசையில் ஓரிரு ஆண்டு ஆடியவர்களுக்கு அது உடனே பிடிபடும். எல்லாம் தயார், யானைக்கு மதமேற்றிக் குழப்பம் உண்டாக்குவதும், அந்தக் குழப்பத்தில் உதயணன் தப்புவதும் ஏற்பாடாகிவிட்டன. அந்த வேளையில் வசந்தகன் கொண்டுவரும் செய்தி, மன்னன் பகைவனின் மகள் வாசவதத்தையைக் கண்டு காதல்கொண்டு, அவளில்லாமல் வெளியேற மறுக்கிறான் என்பது. மாதக்கணக்கில் தீட்டிய திட்டம் மீட்கப்பட வேண்டியவனாலேயே தகர்கிறது. யௌகந்தராயணன் சினந்து விலகாமல், அவளையும் சேர்த்தே கொண்டுசெல்வேன் என்று இரண்டாவது சூள் உரைக்கிறான். தோழனின் ஆசையைத் தடையாகக் கருதாமல் கதையின் அடுத்த படியாக ஏற்றுக்கொள்ளும் இந்தப் பண்பு இல்லாதவர் மறைகொலைஞன் பாத்திரத்தை எடுக்காமலிருப்பதே நல்லது.

கதகளியிலும் திருவனந்தபுரத்தின் பங்கு ஒன்று உண்டு. திருவிதாங்கூர் அரசவைக் கவிஞரான இரயிம்மன் தம்பி (1782–1856) இயற்றிய ‘கீசகவதம்’ ஆட்டக்கதையில், விராடன் அரண்மனையில் சமையற்காரனாக ஒளிந்திருக்கும் பீமன், திரௌபதிக்குப் பதிலாகத் தான் இருட்டில் காத்திருந்து கீசகனைக் கொல்கிறான். கௌடில்யரின் பட்டியலில் முதலில் நிற்கும் சமையற்காரனே இங்கும் வருகிறான் என்பது ஒருபுறமிருக்க, அரங்கில் அந்த இருட்டு முழுவதும் ஆட்டவிளக்கின் வெளிச்சத்தில்தான் நடக்கிறது. கீசகனின் ஆவலைச் சபை பார்க்கிறது, காத்திருப்பவன் யார் என்பதையும் பார்க்கிறது. பார்க்காதவன் கீசகன் ஒருவனே.

ஒளிந்தவனின் பக்கத்திலிருந்து வரலாற்றைப் பார்க்க வேண்டுமானால், நகரத்துக்குத் தெற்கே நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் காக்கப்பட்டுவரும் ‘அம்மச்சிப் பிலாவு’ என்ற பலாமரத்துக்குப் போக வேண்டும். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர், பட்டத்துக்கு வரும் முன் எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற நாயர் பிரபுக்களின் ஆட்கள் துரத்தியபோது, இம்மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர்பிழைத்தார் என்பது வழிவழிச் செய்தி. ஒளிந்துகொள்ளச் சொல்லி இடம் காட்டியது ஒரு சிறுவன் என்றும், அவன் கண்ணனே என்றும் ஊர் நம்புகிறது. பதுங்கல் திறமையைப் புகழ வேண்டிய இடத்தில் மரபு வழிகாட்டிய சிறுவனைப் புகழ்கிறது. சி. வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவல் (1891) இந்தக் காலத்தையே பின்னணியாகக் கொண்டது; அதில் இளவரசரைக் காக்கும் அனந்தபத்மநாபன், இறந்துவிட்டதாக ஊரார் நம்பும் நிலையில், பித்துப்பிடித்த சாணாராக வேடமிட்டுத் திரிகிறான். யௌகந்தராயணன் தேர்ந்த அதே பித்துவேடம். ஆனால் திருவிதாங்கூர்ச் சமூகத்தில் சாணார் வேடம் எதனால் பாதுகாப்பானது என்று எண்ணிப் பார்த்தால் கசப்பு மிஞ்சும்: உயர்சாதியார் முகம் கொடுத்துப் பார்க்காதவரின் தோற்றத்தை உயர்குடி வீரன் கடன் வாங்குகிறான், வேலை முடிந்ததும் களைந்துவிடுகிறான். களைய முடியாதவர்களுக்கு ஒளிதல் சாகசமாக இருக்கவில்லை. எட்டு வீடுகளில் ஒன்றின் ஊரான வெங்ஙானூரில் 1893-இல் ஒடுக்கப்பட்டோரின் தலைவரான ஐயன்காளி வில்வண்டியேறி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் எல்லோரும் காணச் சென்றார். அங்கே துணிவு என்பது கண்ணில் படுவதாக இருந்தது.

கொல்லப்பட்டவரின் பக்கம் மேசையில் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது. மறைகொலைஞனின் கத்திக்கு இரையாகும் காவலனுக்குப் பெயர் இருப்பதில்லை. டிஎம் அவனை இரண்டாம் காவலன் என்று குறிப்பிட்டு முடித்துவிடுவார். மார்த்தாண்ட வர்மரை எதிர்த்து மாண்ட தம்பிமார், முன்னைய மன்னரின் மக்கள். மருமக்கத்தாய முறைப்படி, அதாவது சகோதரியின் மகனுக்கே உரிமை செல்லும் வழக்கப்படி, பட்டம் அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. நாகர்கோவிலில் அவர்கள் கொல்லப்பட்டதை அரசச் சார்பான வரலாறு அரசுக்கு நேர்ந்த ஆபத்து நீங்கியதாக எழுதியது. குமரி மாவட்டத்தில் பாடப்படும் ‘தம்பிமார் கதை’யோ மாண்டவர்களின் பக்கம் நிற்கிறது. வஞ்சனையாலோ வன்முறையாலோ இறந்தோர் அந்த நிலத்தில் தெய்வங்களாகிப் பீடம் பெறுகிறார்கள், ஆண்டுதோறும் வில்லுப்பாட்டில் தம் கதையைக் கேட்கிறார்கள். இந்த மரபில் வளர்ந்த ஒரு டிஎம், கொல்லப்பட்ட இரண்டாம் காவலனுக்கு ஒரு தாயையும் ஒரு கொடைவிழாவையும் கொடுத்துவிட்டால், அடுத்த ஊரில் கொலைஞன் தன் பெயரைப் பாட்டில் கேட்க நேரும். விதிநூலின் எந்த அட்டவணையும் தராத அச்சம் அது.

திருவனந்தபுரத்தின் பத்மநாபசுவாமி கோயிலில் ஐப்பசியிலும் பங்குனியிலும் நடக்கும் பத்துநாள் விழாக்களின் ஒன்பதாம் நாள் பள்ளிவேட்டை, ஊரே சேர்ந்து ஆடும் பதுங்கல் எனலாம். வேட்டைக்குப் போகும் ஊர்வலம் மேளமின்றி அமைதியாக நகர்கிறது. கோட்டைக்குள் சுந்தரவிலாசம் அரண்மனையருகே அமைத்த களத்தில் அரச குடும்பத்தின் மூத்தவர் வில்லை வளைத்து, விலங்குக்கு ஈடாக வைக்கப்பட்ட ஓர் இளநீரின்மேல் அம்பெய்கிறார். அதன் பிறகே சங்கும் வாத்தியமும் ஒலிக்கத் திரும்புகிறார்கள். இளநீர் எங்கே இருக்கிறது என்பது வழியோரம் நிற்கும் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் கூட்டம் வாய்மூடி நிற்பதால்தான் அங்கே ஒரு வேட்டை நிகழ்கிறது. மறுநாள் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும் வழியில் விமான நிலையத்தின் ஓடுபாதை குறுக்கிடுவதால், ஆண்டுக்கு இருமுறை விமானங்கள் சில மணிநேரம் நிறுத்தப்படுகின்றன. ஓர் ஆட்டத்துக்கு நவீன நகரம் தரும் ஒத்துழைப்புக்கு இதைவிடப் பெரிய சான்று இராது.

தமிழ் பேசும் குழுக்கள் இந்த விளையாட்டை ஆடும்போது பெயர்களையும் கோட்டைகளையும் கொலைஞர் சங்கங்களையும் ஆங்கில விதிநூலிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்வதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் தென்படவில்லை. சிறைப்பட்ட மன்னன், பொய்யானை, மூன்று வேடங்கள், காதலால் குலையும் திட்டம் என்று ஒரு முழு ஆட்டத்துக்கு வேண்டிய அனைத்தும் பாசனின் நான்கு அங்கங்களில் ஆயத்தமாக உள்ளன. அவற்றை மேசைக்கேற்ற ஆட்டநூலாக்கி, ஒளிபவரின் பகடையோடு உடனிருப்போரின் பகடையையும் சேர்க்கும் ஒரு விதியுடன், ஒருவர் தமிழில் எழுதிப் பரப்ப வேண்டும். எழுத முனைவோர் அதற்கு முன் ஒருமுறை திருவனந்தபுரம் சென்று கூடியாட்டம் பார்த்துவிடுவது நல்லது.